முள்ளம்பன்றி திறந்த வாய்க்கால்

யானைகள் ஆண்ட ஒரு காட்டில், வேலைப் பேச்சு எல்லாம் யானை மொழியில்தான் நடக்கும். தலைவர் யானை காலையில் ஒருமுறை கட்டளை சொல்லும். புரிந்தவர்கள் காலால் தரையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

வறண்ட மலையிலிருந்து அங்கே பிழைக்க வந்தது ஒரு முள்ளம்பன்றி. மண் தோண்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. யானை மொழிதான் பாதி புரியும், பாதி புரியாது. அதன் சொந்த மொழி பேச அந்தக் காட்டில் இருந்தது ஒரே ஒரு காடை. அது பள்ளத்தில் கூடு வைத்து நான்கு குஞ்சு பொரித்து இரண்டே நாள் ஆகியிருந்தது. கூடு எங்கே என்று முள்ளம்பன்றிக்கு இன்னும் தெரியாது.

அந்த வருடம் நல்ல மழை. குளம் தளும்பியது.

"குளத்தின் வடக்குக் கரையிலிருந்து பள்ளம்வரை வாய்க்கால் வெட்டு" என்றது தலைவர் யானை முள்ளம்பன்றியிடம். பிறகு மடமடவென்று சொல்லி முடித்தது: "மாலைக்குள் குரங்கு போய்க் காடைக் குஞ்சுகளை மேட்டுக்கு மாற்றிவிடும். நான் வந்து சொன்ன பிறகுதான் கரையைத் திறக்க வேண்டும்."

முதல் பாதி முள்ளம்பன்றிக்குப் புரிந்தது. மறுபாதியில் 'காடை' என்பது மட்டும் காதில் நின்றது.

'கேட்கலாமா?' என்று நினைத்தது. போன மாதம் எறும்புத்தின்னி, "ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று தட்டுத்தடுமாறிக் கேட்டது. குரங்கு அதை அப்படியே பேசிக் காட்டியது. காடே ஒரு வாரம் சிரித்தது. யானையும்தான். பாவம், எறும்புத்தின்னி அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

'காடைக்காகச் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார் போலிருக்கிறது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முள்ளம்பன்றி தரையைத் தட்டியது. குழந்தைகளே, நாமும் எத்தனை தடவை அப்படித் தலையாட்டியிருக்கிறோம்!

வியர்க்க விறுவிறுக்கத் தோண்டியது. நடுப்பகலுக்குள் வாய்க்கால் முடிந்தது. யாரையும் கேட்காமல் கரையையும் திறந்துவிட்டது. நல்ல பெயர் கிடைக்கும் என்று அதற்கு அவ்வளவு சந்தோஷம்.

தண்ணீர் பள்ளத்தில் பாய்ந்தது. கறையான் தேடப் போன காடை திரும்பி வந்தபோது கூடும் இல்லை, குஞ்சுகளும் இல்லை.

எல்லா விலங்குகளும் கூடின.

"புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றது யானை.

முள்ளம்பன்றி முதல்முறையாக எல்லோர் முன்னாலும் யானை மொழியில் பேசியது. "எறும்புத்தின்னி கேட்டது, ஐயா. நீங்கள் எல்லாம் சிரித்தது. நான் பயந்தது." அத்தனையும் பிழை. அன்று யாரும் சிரிக்கவில்லை. குரங்கு தலையைக் குனிந்துகொண்டது.

முள்ளம்பன்றி காடையிடம் போய், தங்கள் மொழியில், "தங்கச்சி, என்னை மன்னித்துவிடு" என்று விம்மியது.

காடை தண்ணீரைப் பார்த்தது.

"கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள், அண்ணா. நீங்கள் அதை என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நான் சிரிப்பதைப் பார்த்து என் குஞ்சுகளும் சிரித்திருக்கும்" என்றது.

நீதி: புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, புரியவில்லை என்று கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கவும் சிரிக்காதே.