காணாமல் போன க்ளைமாக்ஸ்

சாலிகிராமத்தில் ஒரு பல்மருத்துவமனைக்கு மேல் மாடியில் எடிட்டர் சௌந்தரவல்லியின் அறை இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

வேடியப்பன் அங்கே போய்ச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சேர்ந்து என்று சொல்வதுகூடச் சரியில்லை. பத்து நாள் வந்து உட்கார், பத்தாம் நாள் வேலை உண்டா இல்லையா என்று சொல்கிறேன் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். அவன் அதை அப்படியே அரூரில் இருக்கும் அம்மாவிடம் சொன்னான். அம்மாவோ மகனுக்கு சினிமாவில் வேலை கிடைத்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவர்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன். பத்தாம் நாள் இல்லை என்று சொல்லிவிட்டால் எந்த முகத்தோடு ஊருக்கு பஸ் ஏறுவது?

அந்தப் பயத்தில் அவனுக்கு எல்லாமே சந்தேகமாக இருந்தது. மூத்த உதவியாளர் தில்லை சிரித்தால், தன் பேச்சைக் கேட்டுத்தான் சிரிக்கிறாளோ என்று நினைத்தான். சவுண்ட் பார்க்கும் கோதண்டம் "சாப்டியா தம்பி" என்று கேட்டால், இவர் எதற்குக் கேட்கிறார் என்று யோசித்தான்.

சௌந்தரவல்லி இரண்டு இயக்குநர்களுக்கு மட்டும்தான் எடிட் செய்வார். சேதுமாணிக்கம், லூர்துநாதன். இரண்டு பேரும் எடுப்பது கொலைக் கதைகள்தான். இரண்டு பேரும் ஒரே மேடையில் ஏற மாட்டார்கள். ஒருவர் படத்தை மற்றவர் பார்த்ததாக ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள்.

முதல் நாளே சௌந்தரவல்லி வேடியப்பனிடம் சொல்லியிருந்தார்: "ரெண்டு பேரோட எல்லாப் படத்தையும் பாரு. என்ன வித்தியாசம்னு சொல்லு."

அவன் பார்த்தான். ஒரு நீள நோட்டில் இடப்பக்கம் முழுக்க சேதுமாணிக்கம், வலப்பக்கம் முழுக்க லூர்துநாதன்.

சேதுமாணிக்கத்தின் படத்தில் ஒரு வீடு இருக்கும். வீட்டில் ஏழெட்டுப் பேர். ஒருவர் செத்துக் கிடப்பார். கேமரா கதவோரமாகவே நின்று பார்க்கும்; ஒரு முகத்தையும் முழுசாகக் காட்டாது. யார் செய்தது என்பது கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தெரியும். எப்போதும் அது அந்த வீட்டிலேயே எல்லோரிடமும் அன்பாக இருந்த ஆளாக இருக்கும்.

லூர்துநாதன் முதல் பத்து நிமிடத்திலேயே ஆளைக் காட்டிவிடுவார். அதுவும் கிட்டத்தில், வேர்வை தெரிகிற மாதிரி. அப்புறம் அந்த ஆள் ஒரு பையோடு பட்டப்பகலில் பஸ் ஏறுவான். மகளுடைய பள்ளி விழாவில் கைதட்டுவான். பக்கத்து நாற்காலியில் ஒரு போலீஸ்காரர் வந்து உட்காருவார். கேமரா வெட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கும்.

அங்கே மழை, இங்கே வெயில். அங்கே எல்லாப் படத்திலும் ஒரு சாப்பாட்டு மேசை, இங்கே எல்லாப் படத்திலும் ஒரு கடிகாரம். அங்கே குற்றவாளி மாட்டியதும் படம் முடியும். இங்கே அவன் மாட்டாமல் போனால்கூட நிம்மதியாக இருக்க மாட்டான். இப்படி நாற்பது பக்கம்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவன் எல்லாவற்றையும் படித்துக் காட்டினான். முடித்ததும் சௌந்தரவல்லி நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார். "படத்துல இருக்கிறதெல்லாம் இருக்கு. பார்த்தவனைத்தான் காணோம்."

"அப்ப வித்தியாசம் என்ன மேடம்?"

"நாளைக்கு வா."

வேலை இல்லை என்பதைத்தான் இப்படிச் சொல்கிறாரோ என்று அவன் இரவெல்லாம் புரண்டான்.

பத்தாம் நாள் காலை. சேதுமாணிக்கத்தின் புதுப் படம் முடிந்திருந்தது. அதன் க்ளைமாக்ஸ் மட்டும் தனியாக ஒரு சின்ன டிஸ்க்கில் போட்டு டிராயரில் வைத்திருந்தார்கள். அன்று மூன்று மணிக்கு புரொடக்‌ஷன் மேனேஜர் தணிகாசலம் வந்து அதை மியூசிக் டைரக்டரிடம் எடுத்துப் போக வேண்டும். கொலையாளியின் முகம் அதில்தான் இருந்தது. அது வெளியே போனால் படம் அவ்வளவுதான்.

பதினொரு மணி இருக்கும். சௌந்தரவல்லி நாற்காலியில் சாய்ந்து ஒரு கமலா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"க்ளைமாக்ஸ் டிஸ்க்கைக் காணோம்," என்றார்.



காலையில் தானே அதை டிராயரில் பார்த்ததாகச் சொன்னார். வெளியாள் யாரும் வரவில்லை என்றார். ஒரு சுளையைப் பிரித்து, மேலே ஒட்டியிருந்த வெள்ளை நாரை நிதானமாக எடுத்தார்.

"தணிகாசலம் வர்றதுக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும். வேடியப்பா, நீதான் எல்லாத்தையும் நோட்டுல எழுதுற ஆளு. பார்த்துச் சொல்லு."

இது தன்னைச் சோதிப்பதற்கா, இல்லை தன்னையே சந்தேகப்பட்டுக் கேட்கிறாரா? எப்படியிருந்தாலும் ஒரு பெயரைச் சொல்லாவிட்டால் மிஞ்சுவது தன் பெயர்தான் என்று தோன்றியது.

அவன் கவனிக்க ஆரம்பித்தான்.

கோதண்டம் டீ குடிக்கக் கீழே போகும்போது தோள்பையையும் எடுத்துப் போனார். டீ குடிக்க எதற்குப் பை? தில்லை இரண்டு முறை டிராயர் பக்கம் பார்த்தாள். அவள் செருப்பு வாசலில் மற்றவர்களுடையது போல உள்ளே பார்த்து இல்லை, வெளியே பார்த்து இருந்தது. அவசரமாகப் போக நினைக்கிறவர்கள்தானே அப்படிக் கழற்றுவார்கள்? பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேரும் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அவன் நிமிர்ந்ததும் நிறுத்திவிட்டார்கள். தில்லை அவனைப் பார்த்துச் சிரித்தாள். டிஸ்க் தொலைந்த அறையில் ஒருத்திக்குச் சிரிப்பு எப்படி வரும்?

சாப்பாட்டு நேரத்தில் அவள் தன் டப்பாவிலிருந்து பாதிச் சப்பாத்தியை அவனுக்கு வைத்தாள். "மூஞ்சி ஏன்டா இப்படி இருக்கு? சாப்பிடு," என்றாள். அவனால் அதை விழுங்க முடியவில்லை.

ஒரு மணிக்கு சௌந்தரவல்லி அவனைப் பக்கத்து ரூமுக்குக் கூப்பிட்டார்.

அவன் மெதுவாகச் சொன்னான். "தில்லை."

"நிச்சயமா?"

"நிச்சயம்னு சொல்ல மாட்டேன் மேடம்." செருப்பு, டிராயர், சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது நம்பும்படி இருந்தது.

"கோதண்டம் ஏன் இல்ல? அவர்தானே பையோட போனாரு?"

அவன் தயங்கினான். "தில்லைதான் மேடம் ரொம்ப அன்பா இருக்காங்க."

சொன்ன பிறகுதான் அது தன் நோட்டின் இடப்பக்கத்தில் இருக்கும் வரி என்று அவனுக்கு உறைத்தது.

சௌந்தரவல்லி தலையாட்டினார். "டிஸ்க் உன் பையில இருக்கு," என்றார்.

"நான் எடுக்கல மேடம்."

"தெரியும். நான்தான் வெச்சேன். காலையில நீ தண்ணி குடிக்கப் போனப்ப. இப்ப உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தணிகாசலம் வர்ற வரைக்கும் பையைத் தொடாதே. யார்கிட்டயும் சொல்லாதே."

"அவர் வந்து கேட்டா?"

அவர் தன் இடத்துக்குப் போய்த் திரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

வேடியப்பனின் பை அவன் நாற்காலிக்குக் கீழே கிடந்தது. கல்லூரி நாட்களிலிருந்து வைத்திருக்கும் பை. ஜிப் பாதிக்கு மேல் மூடாது. இரண்டு வருடமாக அவன் அதைப் பொருட்படுத்தியதில்லை. இப்போது அந்தத் திறந்த வாய் அறை முழுக்கத் தெரிவது போல இருந்தது.

தில்லை ஒரு பேனாவை எடுக்கக் குனிந்தாள். அவள் கை பைக்கு ஒரு சாண் தூரத்தில் தரையைத் துழாவியது. கோதண்டம் இந்தப் பக்கம் வந்தபோது கால் பட்டுப் பை கொஞ்சம் நகர்ந்தது. "ஸாரி தம்பி," என்று அதை எடுத்து ஓரமாக வைத்தார். எடையைப் பார்த்தாரோ? சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை. ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தான். ஒன்று முப்பத்தைந்து.

அப்புறம் அவனுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. மேடம் பிறகு இல்லை என்று சொல்லிவிட்டால்? படித்துவிட்டு வந்த புதுப் பையன் சொல்வதை யார் கேட்பார்கள்?

தணிகாசலம் சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னாடியே வந்துவிட்டார். காலியாக இருந்த ஒரே நாற்காலி வேடியப்பனுக்குப் பக்கத்தில். அவர் அதில் உட்கார்ந்து காலை நீட்டினார். அவர் கால் விரல் பையின் வாரைத் தொட்டது. முதலில் வெயிலைப் பற்றி, பிறகு டிராபிக்கைப் பற்றிப் பேசினார். அப்புறம் டிஸ்க்கைக் கேட்டார்.

காலையில் பார்த்தது, அப்புறம் காணோம் என்றார் சௌந்தரவல்லி. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தணிகாசலத்தின் முகம் மாறியது. பிறகு அவர் சிரித்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல. எல்லார் பையையும் கொட்டிப் பார்த்துட்டாப் போச்சு. புதுசா வந்தவர்கிட்டேர்ந்து ஆரம்பிப்போமா?"

வேடியப்பன் சௌந்தரவல்லியைப் பார்த்தான். அவர் திரும்பவே இல்லை.

"என் பையில இருக்கு சார்," என்றான்.

மேடம்தான் வைத்தார் என்று அடுத்த வரியைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அது உண்மைதான். ஆனால் அவன் காதுக்கே அது பொய் போலக் கேட்டது.

தணிகாசலம் மெதுவாக எழுந்தார்.

"உட்காருங்க தணிகாசலம்," என்றார் சௌந்தரவல்லி. "நான்தான் அதுல போட்டேன். டிராயர் பூட்டு சரியில்ல. அந்தக் கிழிஞ்ச பையில யாரு தேடப் போறா?"

தணிகாசலம் கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டிஸ்க்கை வாங்கிக்கொண்டு, வர வர இந்த ரூமே டைரக்டர் படம் மாதிரி ஆகிவிட்டது என்று முணுமுணுத்தபடி போனார். கோதண்டமும் தில்லையும் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். இந்த முறை கோதண்டம் பையை எடுக்கவில்லை.



"ஒரு மணி வரைக்கும் என்ன பண்ணே?" என்று கேட்டார் சௌந்தரவல்லி.

"எல்லார் கையையும் பார்த்துட்டிருந்தேன்."

"அதுக்கப்புறம்?"

"யாராவது என்னைப் பார்க்கிறாங்களான்னு பார்த்துட்டிருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "முன்னாடி சேதுமாணிக்கம் சார். பின்னாடி லூர்துநாதன் சார்," என்றான்.

"ம்."

அவர் மிச்சமிருந்த ஆரஞ்சுத் தோலைக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துரு. அந்த ஜிப்பைத் தைச்சுக்கோ."

அவன் எழுந்தான். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தது.

"தில்லைக்குத் தெரியுமா மேடம்? நான் அவங்க பேரைச் சொன்னது?"

"நீ யாரையாவது சொல்லுவேன்னு அவளுக்குத் தெரியும். போன வருஷம் அதே நாற்காலியில அவ உட்கார்ந்திருந்தா. அதான் காலையிலேர்ந்து சிரிப்பை அடக்க முடியாம தவிச்சுட்டிருந்தா."

"அவங்க யார் பேரைச் சொன்னாங்க?"

"என் பேரை."

வேடியப்பனுக்குப் புரியவில்லை. இருந்தது நான்கு பேர். ஒருவரை அவன் எண்ணவே இல்லை. எண்ணலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

"எப்படி மேடம் கண்டுபிடிச்சாங்க?"

"காணோம்னு சொன்ன ஆளு ஒரு தடவைகூடத் தேடலையே அக்கான்னு கேட்டா."

அவன் குப்பைக்கூடையைப் பார்த்தான். தோல் மடித்த காகிதத்தைப் பார்த்தான். கதவு வரைக்கும் போனான். திரும்பி வந்தான்.

"நாளைக்கு வரச் சொன்னீங்களே மேடம்," என்றான். "அது நிஜமா, இல்ல அதுவும் சோதனையா?"

சௌந்தரவல்லி பத்து நாளில் முதல் முறையாக அவனை முழுசாகத் திரும்பிப் பார்த்தார்.

"பார்த்தவன் இப்பத்தான் வந்திருக்கான்," என்றார். "உட்காரு."