பேர் சொல்லி ஏறுன ஓடம்

ஒரு ஊர்ல, ஆத்தங்கரைக்கு ரொம்பப் பக்கத்துல, சீனியம்மான்னு ஒருத்தி இருந்தா. புருசனும் இல்ல, புள்ளையும் இல்ல. ஆனா வீட்டுல மூணு உசுரு இருந்துச்சு. ஒரு நொண்டி நாயி, அதுக்குப் பேரு மந்திரி. ஒரு கிழட்டு ஆடு, அதுக்குப் பேரு துரைச்சி. ஒரு கோழி, அதுக்குப் பேரு கருவாச்சி. கோழி அப்ப கூடைக்குள்ள பதினோரு முட்டை மேல அடையில உக்காந்திருந்துச்சு. அடையில இருக்கிற கோழியத் தொட்டுப் பாத்திருக்கீங்களா? தொட்டுடாதீங்க, விரல் விரலா இருக்காது.

அந்த வருசம் ஏழு நாளா மழை, அப்புறம் வெள்ளம் கிளம்பி ஊருக்குள்ள வந்துடுச்சு. ஊர்க்காரங்க மாடு கன்னையெல்லாம் முந்துன நாளே மேட்டுக்கு ஓட்டிட்டாங்க. நொண்டி நாயும் கிழட்டு ஆடும் அடைக்கோழியும் எப்படிம்மா நடக்கும்? அப்புறம் ராசா ஒரு பெரிய ஓடத்தை அனுப்பி வச்சாரு. ஒரே நடைதான், திரும்ப வராது. ஓடக்காரன் எப்படிப்பட்டவன்னா, சொன்னதை மட்டும் செய்வான், சொந்தமா எதையும் யோசிக்கவே மாட்டான். "மணியக்காரர் போடுற சட்டப்படி ஏத்தச் சொல்லி உத்தரவு"ன்னு சொல்லிட்டு நின்னான்.

ஊரு மணியக்காரர் முதல் ஆளா வந்து நின்னாரு. பின்னாடி என்ன வந்துச்சு? அவரு கட்டில் வந்துச்சு, அவரு ஊஞ்சப்பலகை வந்துச்சு, அவரு ஊறுகாய் ஜாடி வந்துச்சு. அப்புறம் சீனியம்மா நாயை இழுத்துக்கிட்டு, ஆட்டை அணைச்சுக்கிட்டு, கோழிக்கூடையைத் தலையில வச்சுக்கிட்டு வந்தா.

"ஏய் சீனியம்மா, ஓடம் மனுசங்களுக்கு! அதையெல்லாம் விட்டுட்டு ஏறு"ன்னாரு.

"பேரு வச்சு வளத்ததுங்க சாமி. விட்டுட்டு நான் எங்க போவேன்?"

"பேரு வச்சா மனுசனாயிடுமா? சரி, இதுதான் சட்டம். இன்னொருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடணும், கூப்பிட்ட உசுரு பதில் சொல்லணும். சொன்னா ஓடத்துல ஏறு, சொல்லலன்னா கரையிலயே கிட."

"எனக்கு மட்டுமா சாமி இந்தச் சட்டம்?"

ஊரே பாக்குதில்லையா, மனுசன் நெஞ்சை நிமித்திட்டாரு. "எல்லாருக்கும்தான்! நானே ஆனாலும் இதுதான்!"

"சரிங்க ஐயா"ன்னான் ஓடக்காரன்.

சீனியம்மா "மந்திரி!"ன்னா. நாயி "லொள்"ளுன்னுச்சு, ஏறிடுச்சு. "துரைச்சி!"ன்னா. ஆடு "மே"ன்னுச்சு, ஏறிடுச்சு. "கருவாச்சி!"ன்னா. கோழி வாயே திறக்கல. மறுபடி கூப்பிட்டா, ம்ஹூம். சீனியம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. முட்டை மேல உக்காந்தவ எதுக்குப் பேசுவா? கடைசியில "என் தாயி, கருவாச்சி"ன்னு கூப்பிட்டுக்கிட்டே அதோட வயித்துக்கு அடியில கையை விட்டா பாருங்க, "கொர்ர்ர்ர்!"னு கொத்துச்சு.

"பதில் சொல்லிடுச்சு"ன்னான் ஓடக்காரன். "முட்டைங்களுக்குப் பேரு?"

"ஏப்பா, வயித்துல இருக்கிற பிள்ளைக்கு யாராவது பேரு வைப்பாங்களா?"

"அதுவும் சரிதான்"னு கூடையை ஏத்திட்டான்.

அப்புறம் ஊரு சனம் ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏறுச்சு. மணியக்காரர் தன் பொஞ்சாதியை "காந்திமதி"ன்னு கூப்பிட்டாரு, அந்த அம்மாவும் ஏறிடுச்சு. ஓடக்காரன் கட்டில் கிட்டப் போயி, "கட்டிலு, ஏ கட்டிலு!"ன்னான். பதில் இல்ல. ஊஞ்சப்பலகையும் பேசல, ஊறுகாய் ஜாடியும் பேசல. மூணையும் தண்ணியில தள்ளி விட்டுட்டு, "அடுத்து ஐயாதான். ஐயா பேரு என்ன, யாரு கூப்பிடுறீங்க?"ன்னான்.

யாருக்குத் தெரியும்? நாப்பது வருசமா ஊரே மணியக்காரர் மணியக்காரர்னுதான் கூப்பிட்டுது. பேரு தெரிஞ்ச பெரிசுங்க எல்லாம் போய்ச் சேந்தாச்சு. தெரிஞ்ச ஒரே ஆளு பொஞ்சாதி. அந்தக் காலத்துல புருசன் பேரை வாயால சொல்லுவாங்களா? சொன்னா புருசனுக்கு ஆயுசு குறையும்னு பயம்.

"அம்மா, சொல்லுங்க."

"சொல்லக் கூடாதுப்பா. முதல் பாதி, மஞ்சளா மின்னும்."

"வைக்கோலா?"

மணியக்காரருக்குக் கணுக்கால் அளவு தண்ணி.

"இல்லப்பா, கல்யாணத்துல கழுத்துல போடுவாங்க."

"மாலையா?"

முழங்கால் அளவு தண்ணி.

"அய்யோ! மறுபாதி, முருகன் கிட்ட இருக்கும்."

"மயிலா? மாலைமயிலு, ஏ மாலைமயிலு!"

இடுப்பளவு தண்ணி! "அடியே, சொல்லித் தொலையேன்!"னு கத்துறாரு மணியக்காரர். அந்த அம்மா பாத்துச்சு. சொன்னா ஆயுசு கொஞ்சம் குறையும், சொல்லலன்னா இப்பவே மொத்தமா முடிஞ்சிரும். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, "தங்கவேலூ!"ன்னு கத்துச்சு.

மணியக்காரர் என்ன பண்ணாரு தெரியுமா? பின்னாடி திரும்பிப் பாத்துட்டு, "யாருடி அவன் தங்கவேலு?"ன்னு கேட்டாரு.

அம்மா மூணு தடவை கத்துச்சு. மூணு தடவையும் திருதிருன்னு முழிச்சாரு. ஓடக்காரன் துடுப்பை எடுத்துட்டான். "கோழிக்குக் கூட தன் பேரு தெரியுது ஐயா. சட்டம் சட்டம்தான்."

அப்ப சீனியம்மா எழுந்திரிச்சா. "அட போப்பா, உன் சட்டமும் நீயும்! பேரு தெரியாட்டியும் உசுரு உசுருதானே"ன்னு, மணியக்காரரைக் கையைப் பிடிச்சுத் தூக்கி ஓடத்துல போட்டா. ஒரு நாயையே விட்டுட்டு வர மனசில்லாதவ, மனுசனை விட்டுடுவாளா?

ஆனா இடம் ஏது? நாயிக்கும் ஆட்டுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு உக்காந்தாரு. கோழிக்கூடையை மடியில வச்சுக்கச் சொன்னா சீனியம்மா. ஓடக்காரன் விட்டானா? சட்டப்படி பதில் இன்னும் வரலையே. துடுப்பு போடுற ஒவ்வொரு தடவையும் "தங்கவேலு!"ன்னான். அவரு வாய் திறக்காம உம்முன்னு இருந்தாரு. உம்முன்னு இருந்தா கருவாச்சிக்கு ஆகாது போல, ஒரு கொத்து! "ஏன் ஏன் ஏன்!"னு அலறுனாரு. அப்படியே அக்கரை வரைக்கும், கூப்பிடுறதும் கொத்துறதும் "ஏன்"னு அலறுறதுமா போய்ச் சேந்தாங்க.

ஆபத்துன்னு ஓடும்போது வீட்டுல கட்டிப்போட்ட உசுரை முதல்ல அவுத்துவிடணும், கூடவே கூட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான் கதை. ஓடம் அக்கரையில, நாம இக்கரையில, எல்லாரும் எந்திரிங்க.