ஐந்தாம் வளைவில் கால்

“பின்னிறக்கையை இன்னும் கொஞ்சம் சரிச்சு வைங்க, மேடம். வண்டி தரையில நிக்க மாட்டேங்குது.”

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தேவசகாயம் சொன்னான். முப்பத்தாறு வயது. போன மாதம் இதே பந்தயத் தடத்தின் ஐந்தாம் வளைவில் பந்தயக் கார் சுழன்று சுவரில் மோதி, அவன் தோள் எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு இன்றுதான் ஓட்டுகிறான். மதியம் தகுதிச் சுற்று. தேறாவிட்டால் வண்டி வேறொருவன் கைக்குப் போய்விடும்.

அணியின் இன்ஜினியர் மெஹருன்னிசா அவனைவிட எட்டு வயது இளையவள். மறுபேச்சு பேசாமல் ஸ்பேனரை எடுத்து, காரின் பின்னால் இருந்த இறக்கைத் தகட்டை ஒரு துளை தள்ளிச் சரித்து முடுக்கினாள்.

சரிவு கூடினால் காற்று வண்டியைத் தரையோடு இன்னும் அழுத்தும். நேர்பாதையில் வேகம் குறையும்.

போய் வந்தான்.

“பத்தலைங்க.”

இன்னொரு துளை.

போய் வந்தான்.

“அந்த வளைவுல பின்பக்கம் வழுக்குதுங்க.”

கடைசித் துளை.

இந்த முறை நேர்பாதையில் மற்ற வண்டிகள் எல்லாம் அவனைத் தாண்டிப் போயின. ஐந்தாம் வளைவில் வண்டி பாதி சுழன்று புல்லில் இறங்கி நின்றது.

திரும்பி வந்தபோது அவன் முகம் வெளிறியிருந்தது.

“இதுக்கு மேல துளை இல்ல, சார்,” என்றாள்.

“அப்ப நான் என்னதாங்க செய்யறது?”

கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினாள். இரண்டு கோடுகள்.

“மேல இருக்கறது, காத்து வண்டியை அழுத்தற அழுத்தம். கீழ இருக்கறது, ஆக்ஸிலேட்டர்ல உங்க கால்.”

வளைவின் நடுவில் கீழ்க்கோடு சட்டென்று விழுந்திருந்தது. அதன் பின்னாலேயே மேல்கோடும் இறங்கியிருந்தது.

கீழ்க்கோடு விழுந்த இடத்தில் விரலை வைத்தான்.

“பயத்துல காலை எடுத்துடறேன்.”

அவள் ஸ்பேனரை எடுத்தாள். குனிந்து, இறக்கையைக் காலையில் இருந்த துளைக்கே கொண்டுவந்து முடுக்கினாள்.

“ஐயோ, சரிவைக் குறைச்சுட்டீங்களா?”

“வேகமாப் போனாத்தான் காத்து அழுத்தும். மெதுவாப் போனா இது வெறும் தகடு, சார்.”

போனான்.

ஐந்தாம் வளைவு. சுவர் தெரிந்தது. கால் தானாக மேலே வரப் பார்த்தது.

எடுக்கவில்லை.

வண்டி தரையோடு அமுங்கியது. சுவர் பக்கவாட்டில் ஓடி மறைந்தது.

அவன் வந்து நின்றதும் மெஹருன்னிசா குனிந்து கேட்டாள்.

“பயம் போயிடுச்சா?”

“இல்லைங்க,” என்றான். “இன்னொரு தடவை போயிட்டு வரட்டுமா?”