ஆவுடையப்பன் தூங்கும் படம்

கொக்கரைக்குளத்துக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். அவர்களால் இதுவரை நேர்ந்த சேதங்களுக்கெல்லாம் அது ஒன்றுதான் காரணம்.

அந்த ஊரில் பிச்சிப்பூத் தோட்டம் வைத்திருக்கும் ஆவுடையப்பனின் மகள் செண்பகவல்லி நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஓவியம் படித்தாள். கல்லூரியில் நாலு கூடங்களில் கண்காட்சி வைத்து, சாயங்காலம் பார்வையாளர்களை நடத்திக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டுவதாக ஏற்பாடு. வருகிறவர்களுக்கு அதிகம் பிடித்த படம் கல்லூரி முகப்பில் நிரந்தரமாகத் தொங்கும்.

செண்பகவல்லி போனில் சொன்னாள்: "அப்பா, அங்க என்ன சொல்லுதாங்களோ அதை மட்டும் செய்ங்க. நீங்களா எதுவும் யோசிச்சிராதீங்க."

"சத்தியமா யோசிக்க மாட்டோம்மா," என்றார் ஆவுடையப்பன்.

நாலு பேர் கிளம்பினார்கள். ஆவுடையப்பன், அவர் மனைவி குணவதி, எழுத்துக்கூட்டிப் படிப்பார் என்பதால் தலைமை தாங்கிய மாசிலாமணி, பாதுகாப்புக்குச் சுடலைக்கண்ணு.

ஐந்து மணிக்குப் பேராசிரியை ஜெயரூபி வாசலில் நின்று, "எல்லாரும் என் பின்னாலயே வாங்க, யாரும் முன்னால போகக்கூடாது," என்றார். முற்றத்தில் ஒரு கற்சிலை அருகே நின்று, விளக்கம் சொல்லத் திரும்பினார். நாலு பேரும் திடுக்கிட்டார்கள். அவருக்கு முன்னால் அல்லவா நிற்கிறார்கள்! குடுகுடுவென்று சுற்றிப்போய் அவர் முதுகுப்பக்கம் நின்றார்கள். ஆட்களைக் காணோமே என்று அவர் திரும்பினார். மறுபடியும் ஓடினார்கள்.

ஐந்தாவது சுற்றில் மற்ற பார்வையாளர்களில் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடவே சுற்றத் தொடங்கினார்கள். ஓர் அம்மாள் சிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜெயரூபிக்குத் தலை கிறுகிறுத்தது. "பின்னால வேண்டாம். பக்கத்துல வாங்க, போதும்," என்றார்.

முதல் கூடத்தின் வாசலில் ஒரு பலகை இருந்தது. மாசிலாமணி படித்தார்: "அமைதி காக்கவும்."

"யாரு அண்ணாச்சி, அமைதி?" என்று சுடலைக்கண்ணு கேட்டான்.

பலகைக்குப் பக்கத்தில் களிமண்ணில் செய்த ஒரு பெண்ணின் தலை இருந்தது. மாசிலாமணி அதைக் காட்டினார். "இந்தப் புள்ளையாத்தான் இருக்கும். பாவம், காவலுக்கு ஆளில்லாம போறவாறவங்ககிட்டல்லாம் கேக்குது."

சுடலைக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டினான். அடுத்த கால்மணி நேரம் அந்தப் பக்கம் வந்தவர்களையெல்லாம், "ஏய், அமைதி கிட்ட வராத! தள்ளிப் போ!" என்று கட்டடம் அதிர விரட்டினான்.

ஜெயரூபி ஓடிவந்தார். "ஐயா, அமைதி! அமைதி!"

"பயப்படாதீங்க டீச்சர். அவ பத்திரமா இருக்கா."

கடைசியில், "இனிமே நாங்க பாத்துக்கிடுதோம்," என்று அவர் பொறுப்பேற்ற பிறகுதான் சுடலைக்கண்ணு நகர்ந்தான்.

அடுத்த இரண்டு கூடங்களையும் ஜெயரூபி எதுவுமே சொல்லாமல் காட்டினார். அதனால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

நாலாவது கூடத்தில் செண்பகவல்லி தன் படத்தின் அருகே கைகளைப் பிசைந்தபடி நின்றாள். அவள் படம் பிடித்துப்போய்ப் பார்வையாளர்கள் அதன் கீழே ஒட்டியிருந்தவை ஏழெட்டுச் சிவப்புப் பொட்டுகள்தான். எதிர்ச்சுவரில் ஒரு பையன் வரைந்த யானைக்கு முப்பதுக்கு மேல் இருந்தன.

ஜெயரூபி ஆளுக்கொரு சிவப்புப் பொட்டுக் கொடுத்தார். இங்கே விளக்கம் சொல்லாமல் தீராது. "எந்தப் படம் மனசைத் தொடுதோ, அங்க ஒட்டுங்க."

"அங்கன்னா எங்க?" என்றாள் குணவதி.

"தொட்ட எடத்துல. தொட்டது மனசைத்தானே?" என்றார் மாசிலாமணி. நாலு பேரும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டார்கள். செண்பகவல்லி கண்களை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் ஆவுடையப்பன் மகளின் படத்தைப் பார்த்தார். பஸ் நிலையத்து பெஞ்சில், பூக்கூடைமேல் தலைசாய்த்து, வாய் திறந்து ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"யாரு தாயி இது?"

"நீங்கதாம்ப்பா."

அவர் நெடுநேரம் பார்த்தார். பூப்பறிக்க மூன்று மணிக்கே எழுகிற மனிதர். தான் தூங்கி அவர் பார்த்ததே இல்லை.

"நல்ல அசதி போல," என்றார் குரலைத் தாழ்த்தி. "எத்தனை நாள் தூக்கமோ." பிறகு நுனிக்காலில் நடந்து, கூடத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய், உதட்டில் விரல் வைத்து, "மெல்லப் பேசுங்கய்யா, ஆவுடையப்பன் தூங்குதான்," என்றார்.

கூட்டம் அவரைப் பார்த்தது. படத்தைப் பார்த்தது. மறுபடி அவரைப் பார்த்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வந்து, ஓசைப்படாமல் அந்தப் படத்தின் கீழே பொட்டு ஒட்டினார்கள். ஒட்டியவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆறரை மணிக்கு யானை தோற்றது. ஜெயரூபி முடிவை அறிவித்ததும் எல்லாரும் கைதட்டக் கையை உயர்த்தினார்கள். ஆவுடையப்பன் பதறிப்போய்த் தடுத்துவிட்டார்.

செண்பகவல்லி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எழுப்பிராத, என்ன?" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

பஸ்ஸில் குணவதிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏங்க, எங்க வீட்டுக்காரரு அங்க தூங்குதாரு. அப்ப எம்பக்கத்துல உக்காந்திருக்கது யாரு?"

ஆவுடையப்பனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "மன்னிக்கணும்மா," என்று எழுந்து, பின்சீட்டில் சுடலைக்கண்ணுவோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஊரில் இறங்கியதும் குணவதி நேரே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"ஆவுடையப்பன் இருக்காரா?"

"இல்லீங்களே. காலேஜ்ல தூங்குதாக. எந்திரிச்சதும் வருவாக."

"வந்தா, நான் தேடி வந்தேன்னு சொல்லுங்கம்மா."

"யாரு வந்ததுன்னு சொல்லட்டும்?"



"ஆவுடையப்பன்னு சொல்லுங்க."

"அட!" என்றாள் குணவதி. "எங்க வீட்டுக்காரரு பேரும் அதேதாங்க!"