ஒரு முழம் தென்றல், நாற்பது நாள் தவணை

முன்னொரு காலத்தில் ஒரு முழம் தென்றலின் விலை ஏழு கோடிப் பொன். அதுவும் பேரம் பேசிக் குறைத்த விலை.

வாங்கியவர் ஒரு நாட்டு ராஜா. வாங்கிய இடம் அவருடைய கனவு. மேகத்தின்மேல் ஒரு கடைவீதி. பூக்காரி சரத்தை அளப்பதுபோல ஒருத்தி முழங்கையால் தென்றலை அளந்து விற்றுக்கொண்டிருந்தாள். ராஜாவின் மடியில் காசில்லை. "எடுத்துப் போங்கள். நாற்பது நாளுக்குள் முழுத்தொகையும் கட்டினால் வட்டி இல்லை. ஒரு காசு குறைந்தாலும் வாங்கிய நாளிலிருந்தே மொத்தத்துக்கும் வட்டி" என்றாள். ராஜா ஓலையில் கையெழுத்திட்டார். விழித்தபோது ஓலையும் இல்லை, தென்றலும் இல்லை. சால்வையில் மட்டும் மகிழம்பூ வாசனை.

அன்றிலிருந்து ராஜா தூங்கவில்லை. கண்ணை மூடினால் அவள் எதிரே வந்து நிற்பாளே!

முப்பத்தெட்டாம் நாள் காலை, சபையில் பொக்கிஷதாரர் கோமதிநாயகம் எழுந்தார். அரசவை விகடன் ஆவுடையப்பன் பரிசு வாங்கும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுப்பவர் அவர்தான். ஒவ்வொரு முறையும் வயிறு எரியும்.

"மகாராஜா, கனவில் கொடுத்தாலும் ராஜவாக்கு ராஜவாக்கே. இது மெய்க்கடன். ஆனால் இந்தத் தவணை வியாபாரத்தைத் தங்கள் காதில் போட்டது யார்? வியாபாரிகள் தெருவில் பிறந்த இந்த ஆவுடையப்பன்! இவன் சொன்ன கடைத்தெருக் கதையைக் கேட்டுவிட்டுத்தானே அன்று தாங்கள் உறங்கப் போனீர்கள்? இவனே கட்டட்டும். நாளை மறுநாளுக்குள் கட்டாவிட்டால் இவன் வீட்டை ஏலம் விடுவோம்."

தூக்கம் கெட்ட ராஜாவுக்கு எதுவும் நியாயமாகவே பட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

ஆவுடையப்பனுக்கு இருந்தது அந்த ஒரே வீடுதான். தகப்பன் உப்பு விற்றுக் கட்டிய வீடு. ஆனால் பேரத்துக்கு முன் கலக்கத்தை முகத்தில் காட்டக் கூடாது என்பதை அவன் தெருவில் பேச்சு வருவதற்கு முன்பே கற்றுக்கொள்வார்கள். நிதானமாக ஒரு கொட்டாவி விட்டான்.

"கட்டிவிடலாம் மகாராஜா. அதற்குமுன் ஒரு சந்தேகம். எங்கள் தெருவில் ஒரு கைப்பிடி உப்பைக்கூட விசாரிக்காமல் கடனாகத் தரமாட்டார்கள். வரும்படி என்ன, ஏற்கெனவே யாரிடம் பாக்கி, சொன்ன நாளில் திருப்பினாரா என்று நாலு இடத்தில் கேட்பார்கள். அவள் கேட்கவில்லையா?"

"கேட்டாளே! நான் ராஜா என்றேன். 'வரும்படி தெரிகிறது, நாணயம் தெரியவில்லையே. இதற்கு முன் யாரிடம் வாங்கித் திருப்பினீர்கள்?' என்றாள். யாரிடமும் கடன் வாங்கியதே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். 'வாங்கவே இல்லையென்றால் திருப்புவீர்களா என்பது எனக்கு எப்படித் தெரியும்? போய் வாருங்கள்' என்றுவிட்டாள்."

"கெட்டிக்காரி! அப்புறம் எப்படிக் கொடுத்தாள்? யாராவது ஜாமீன் நின்றார்களா?"

ராஜா மெல்லத் திரும்பினார். "நின்றார். கனவிலும் கணக்கோலையோடு என் பின்னால் நிற்பவர் வேறு யார்? கோமதிநாயகம்தான் கையெழுத்துப் போட்டார்."

"ஓய் பொக்கிஷதாரரே, கேட்டீரா? வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரர் கட்ட வேண்டும். கதை சொன்னவன் எங்கே வந்தான் இதில்? ஏழு கோடியை எடுத்து வையும்."

"ஐயையோ! கனவில் போட்ட கையெழுத்து செல்லுமா? அது கடனே அல்ல!"

"சற்று முன் மெய்க்கடன் என்றது யாரோ?"

"அது... அது உம்முடைய வீட்டை வைத்துச் சொன்னது..."

சபை கொல்லென்று சிரித்தது. ஏலப் பேச்சு அதோடு போயிற்று. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. "ஆவுடையப்பா, வாசனை இன்னும் போகவில்லையே. நான் வாக்குக் கொடுத்தேனே. இன்னும் இரண்டே நாள்."

அந்தச் சிவந்த கண்களைப் பார்த்ததும் ஆவுடையப்பனின் குரல் தணிந்தது. "அந்த ஊர்க் கடனுக்கு அந்த ஊர்ப் பஞ்சாங்கம்தானே மகாராஜா? தாங்கள் கண்ணை மூடினால்தான் அங்கே பொழுது நகரும். தாங்கள்தான் மூடவே இல்லையே! அங்கே இன்னும் வாங்கிய நாளே முடியவில்லை. நாற்பது நாளும் அப்படியே கிடக்கிறது. அங்கும் தாங்கள் ராஜாதானே? ஒரு பொக்கிஷம் இல்லாமலா போகும்? போய்க் கட்டிவிட்டு வாருங்கள். கொஞ்சம் இப்போது, மீதி பிறகு என்று மட்டும் வைத்துவிடாதீர்கள்."

ராஜா சிம்மாசனத்திலேயே சாய்ந்தார். நடுப்பகல். சாமரங்கள் நின்றன. தூண்களுக்கிடையே மகிழம்பூ வாசனை மிதந்து மிதந்து போயிற்று. கோமதிநாயகம்கூடத் தும்மலை அடக்கிக்கொண்டார்.

விளக்கேற்றும் வேளையில் ராஜா சிரித்துக்கொண்டே விழித்தார். "முழுதும் கட்டிவிட்டேன்! ஓலையைக் கிழித்துக் கையில் கொடுத்தாள். இனி நான் நாணயஸ்தனாம். அடுத்த முறை இரண்டு முழம் தருவாளாம், ஜாமீன்கூட வேண்டாமாம்!"

"அங்கேதான் மகாராஜா உஷாராக இருக்க வேண்டும்" என்றான் ஆவுடையப்பன்.

ராஜா இன்னும் பலமாகச் சிரித்து நூறு பொன் பரிசளித்தார். எண்ணிக் கொடுத்தவர் கோமதிநாயகம்.

ஆகக் கணக்கு இது: ஏழு கோடி பற்று, ஏழு கோடி வரவு, வட்டி ஏதுமில்லை. பாக்கி ஒன்றே ஒன்று, ராஜா தூங்காத முப்பத்தெட்டு நாள் தூக்கம். கோமதிநாயகம் சபையில் வரவு செலவு வாசிக்கும்போதெல்லாம் அதை ராஜா தவணை தவணையாகத் தீர்த்துக்கொண்டிருந்தார்.