கூத்துக்காரி கட்டவைத்த காப்பு

வாள் வைத்திருப்பவருக்குத்தான் நாட்டைக் காக்கத் தெரியுமாம்! பக்கத்து நாட்டுப் படை புறப்படத் தயாரான நேரத்தில், "கூத்துக்காரிக்கு எதற்கு மானிய நிலம்? ஆடிப் படையை நிறுத்துவாளோ?" என்று சபையில் ஏளனம் செய்தார் தளபதி.

"நிறுத்தினால்?" என்றாள் கூத்துக்காரி செங்கமலம்.

"நிலம் உனக்கே. இல்லையென்றால் ஊரைவிட்டு ஓடு!"

செங்கமலம் குழுவோடு எல்லை தாண்டினாள். அவள் கூத்தென்றால் அந்நாட்டாருக்கு உயிர். அவள் ஆடுவதற்காகவே உடனே அம்மன் திருவிழா வைத்து, சிப்பாய்கள் உட்பட ஊரே காப்புக் கட்டியது. காப்புக் கட்டியவன் திருவிழா முடியாமல் ஊரெல்லை தாண்டுவானா? படை நகரவில்லை.

"நிலம் செங்கமலத்துக்கே" என்றார் அரசர்.

"இதுதான் சமயம், நாம் தாக்குவோம்!" என்று துள்ளினார் தளபதி.

அடுத்த நாள் கூத்துக்குக் கிரீடப் பெட்டி எடுக்க ஊர் வந்திருந்த செங்கமலம் சிரித்தாள்.

"தாராளமாகத் தாக்குங்கள் ஐயா. அங்கே கூத்துப் பார்க்க முன்வரிசையில் உங்கள் வீட்டம்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள்."