டாப்பெட் சத்தம்

"பழைய வண்டிக்கு ஆயில்கூட அப்புறந்தான் மாப்ளே, முதல்ல…" என்று கோமதிநாயகத்தின் மாமனார் ஏதோ சொல்வார். முதலில் என்ன என்பதுதான் மறந்துபோயிற்று. சொன்னவரும் போய்விட்டார். அதைக் கேட்டுச் சிரிக்கிற மனைவி வடிவும் போய்விட்டாள். லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அவளும் அவனும் சுற்றிய, மாமனார் கொடுத்த கார் மட்டும் இருந்தது.

அந்தக் காரில் கொஞ்ச நாளாக ஒரு சத்தம்.

கோமதிநாயகம் பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, மனைவி இறந்தபின் நாற்பத்தெட்டு வயதில் தனியாகத் தென்காசிக்குத் திரும்பியவன். பேச ஆளில்லாத வீட்டில் இருக்கப் பிடிக்காமல், வண்டி வேலை கற்றுக்கொள்கிறேன் என்று இலஞ்சி ரோட்டில் இருந்த ஐயம்பெருமாளின் ஒர்க் ஷாப்புக்குத் தினமும் போய்வந்தான். ஐயம்பெருமாள் ஓரிரு வயது மூத்தவர், அவ்வளவுதான். ஆனாலும் "சிஷ்யப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்.

"எல்லாரும் வண்டிய விட்டுட்டு வீட்டுக்குப் போவாங்க. இவரு வண்டியோட சேர்ந்து தானும் நிப்பாரு" என்று வருகிறவர்களிடம் சொல்லுவார்.

அன்று கோமதிநாயகம் கையில் ஒரு ஆயில் டப்பாவோடு வந்தான்.

"அண்ணாச்சி, இதை ஊத்திருவோம்."

ஐயம்பெருமாள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "உம்ம வண்டிக்கு இது கெட்டி ஆயில்லா. யாரு குடுத்தா?"

"கடைக்காரர்தான். சத்தம் அடங்கிரும்னார்."

"அடங்கும். காலையில ஸ்டார்ட் பண்ணுறப்போ மேல ஏறி வர நேரமாகும். அதுவரைக்கும் உள்ள காய்ஞ்சு ஓடும். இது வண்டிய விக்கப்போறவன் ஊத்துற ஆயில்வே."

"விக்கத்தான் போறேன். ஞாயித்துக்கிழமை ஒருத்தர் பாக்க வாரார்."

"வித்துட்டு?"

"திரும்பிப் போயிரலாம்னு."

"அங்க யாரு இருக்கா?"

"அங்கயும் யாரும் இல்லை."

ஐயம்பெருமாள் டப்பாவைக் கீழே வைத்தார். பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை மேல்மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். பிறகு அவனிடம் நீட்டினார்.

"கேளும். அடியிலேருந்து வருதா, மேலேருந்தா?"

"மேலேருந்து. டிக் டிக்னு."

"அடியிலேருந்து டங்கு டங்குன்னு வந்தா பயப்படணும். இது டாப்பெட், வால்வத் தட்டித் திறக்கிற சாமான்."

இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, மூடியைக் கழற்றி, இடுக்குகளில் மெல்லிய தகடு விட்டு ஒவ்வொன்றாய் அளந்தார்.

"இடைவெளி எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"சரியா இருந்தா ஏன் சத்தம்?"

"இடைவெளி இருந்தா சத்தம் இருக்கும்."

"இன்னும் முடுக்கிட்டா?"

"சத்தம் இருக்காது. வால்வு கருகிப்போகும்."

"அப்ப இத்தனை வருஷம் இல்லாத சத்தம் இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

ஐயம்பெருமாள் கையைத் துடைத்துக்கொண்டு மூடியை மாட்டினார். "வண்டிய எடும். செங்கோட்டை வரைக்கும் போய்ட்டு வருவோம்."

போகும் வழியில் பஸ் ஸ்டாப் பக்கம் நிறுத்தச் சொன்னார். பட்டுச்சேலையும் தாம்பூலப் பையுமாக இரண்டு பெண்கள் வெயிலில் நின்றார்கள்.

"செங்கோட்டைக்கா? ஏறுங்க தாயி. சும்மாதான் போறோம்."

அவர்கள் ஏறிக் கதவைச் சாத்துமுன்பே பேச்சு தொடங்கிவிட்டது.

"சொதின்னு ஊத்தினானே, அதுல தேங்காப்பால் எங்க மைனி?"

"பக்கத்து மண்டபத்துக்குப் போயிருக்கும்."

"மாப்பிள்ளைக்காரன் முகத்தப் பாத்தியா? சிரிக்கவே இல்லை."

"அவனும் அந்தச் சொதியத்தான தின்னான்!"

பின்சீட்டு குலுங்கியது. மூத்தவள் முன்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணாச்சி, ஓட்டுற அண்ணன் வாயில வெத்தலையா? பேசவே காணோம்."

"அவரு இன்ஜின் சத்தத்தக் கேட்டுட்டு வாராரு" என்றார் ஐயம்பெருமாள்.

"எந்தச் சத்தம்? வண்டி தொட்டில் கணக்கால்லா போகுது."

கோமதிநாயகத்துக்கு என்ன தோன்றியதோ, கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டான்: "சொதிக்கு இஞ்சித் துவையலாவது வெச்சாங்களா?"

அந்த ஒரு கேள்விக்குச் செங்கோட்டை வரைக்கும் பதில் வந்தது. இறங்கும்போது இளையவள் சொன்னாள்: "ஒரு நாளு வீட்டுக்கு வாங்கண்ணே. சொதின்னா என்னன்னு காட்டுதோம்."

திரும்பும்போது ஐயம்பெருமாள் வாயைத் திறக்கவில்லை. பின்சீட்டில் மல்லிகைப்பூ இரண்டு உதிர்ந்து கிடந்தது. ஊர் எல்லை தாண்டியதும் சத்தம் கேட்டது. டிக் டிக் டிக்.

பாதி தூரம் வந்தபின் கோமதிநாயகம் சொன்னான்: "போகும்போது நின்னிருந்துச்சு அண்ணாச்சி."

"நிக்கலை."

"எனக்குக் கேக்கலையே."

ஐயம்பெருமாள் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்: "உம்ம வீட்டுல நல்லாப் பேசுவாங்களோ?"

"வண்டியில ஏறினா நிறுத்த மாட்டா. கொஞ்சம் சும்மா வாயேன்னு நாந்தான் சொல்லுவேன்."

ஐயம்பெருமாள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"பழைய வண்டிக்கு முதல்ல என்னமோன்னு மாமனார் சொல்லுவார், மறந்துபோச்சுன்னு ஒருநாள் சொன்னீரே, அந்த மிச்சம் யாருக்குத் தெரியும்?"

"மச்சானுக்குத் தெரிஞ்சிருக்கும். அம்பாசமுத்திரத்துல தனியா இருக்காரு. வடிவு போனப்புறம் நான் அந்தப் பக்கம் போகலை. போய் என்னத்தப் பேசன்னு இருந்துட்டேன்."

ஒர்க் ஷாப் வாசலில் வண்டி நின்றது. இன்ஜினை நிறுத்தாமல் கோமதிநாயகம் கேட்டான்:

"இந்தச் சத்தத்துக்கு என்னதான் செய்ய?"

ஐயம்பெருமாள் இறங்கிக் கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"இது வண்டி பிறந்த அன்னைக்கே இருந்த சத்தம்வே. அப்பல்லாம் நடுவுல பேச்சு இருந்துச்சு."

கோமதிநாயகம் ஆயில் டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டிக்கு வழக்கமாக ஊற்றுவதையே வாங்கி ஊற்றினான். ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி பார்க்க வருவதாக இருந்தவருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றான். பிறகு மச்சானை ஏற்றிக்கொள்ள அம்பாசமுத்திரத்துக்குப் புறப்பட்டான்.